மணக்காத மார்கழி

டிசம்பர் 4, வியாழன்

சளிக்காய்ச்சல் ஒருவழியாக விட்டது. இன்றுதான் மறுபடி கடைக்குப் போனேன். சிங்கப்பூரின் ஜூ சியாட் தெருவில் கையகலக் கடை. இத்தாலியச் சீஸ் தவிர வேறொன்றும் விற்பதில்லை. நான் படுத்திருந்தபோது ஜெசிந்தாதான் பார்த்துக்கொண்டாள். என்னிடம் பல வருடமாக இருக்கிறாள், நல்லவள்தான். ஆனாலும் குளிர்ப்பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பொறி தட்டியது. கொர்கொன்சோலாவை, அதாவது உடம்பெல்லாம் நீலப் பூசணம் ஓடும் சீஸை, வெளியே எடுத்தாலே பக்கத்துத் துணிக்கடைக்காரி கதவைச் சாத்துவாள். இன்று அது பரம சாதுவாக உட்கார்ந்திருந்தது.

"ஜெசி, இது எப்ப வந்துச்சு?"

"போன செவ்வாக்கிழமை, அக்கா. கெல்வின் அனுப்புனதுதான்."

கெல்வின் எங்கள் இறக்குமதி ஏஜெண்ட். மட்டமான சரக்கை நல்ல காகிதத்தில் சுற்றி அனுப்ப ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது. போன் போட்டுக் கேட்டேன். சத்தியம் பண்ணுகிறான். குற்றம் செய்யாதவன் இவ்வளவு வேகமாகச் சத்தியம் பண்ண மாட்டான்.

கெட்ட நேரத்தில் இப்படியா? மரினா பே பக்கம் ஒரு ஹோட்டலில் புதிதாக இத்தாலிய உணவகம் திறக்கிறார்கள். அதன் செஃப் லூக்கா ஜனவரி கடைசியில் பெயர் ஒட்டாத சீஸ்களோடு கடைக்கு வருகிறார். எது நல்லது என்று நான் முகர்ந்து, ருசித்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அந்த உணவகத்துக்குச் சீஸ் பொறுப்பு முழுக்க என்னுடையது. இத்தாலியில் பார்மா நகரத்தில் பயிற்சி எடுத்தபோது எனக்கு 'மூக்கு' என்றே பெயர். இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற ஒரே முதல் அதுதான்.

டிசம்பர் 6, சனி

காப்பித்தூளில் கலப்படம். வெந்நீரில் சாயம் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகையும் அப்படித்தான். எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ, மருந்துக்கும் மணம் இல்லை. பூக்காரியிடம் கேட்டேவிட்டேன். "இன்னிக்குக் காலையில வந்த பூவு அக்கா, கொஞ்சம் மோந்து பாருங்க" என்று மூக்கருகே நீட்டினாள். என்ன நெஞ்சழுத்தம்! கையைத் தட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

இவர் இன்று கடைக்கு வந்தார். இதை எழுதிவைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இவர் கடைக்கு வரவே மாட்டார். என் கணவர் தர்மலிங்கம் மின்தூக்கி பழுதுபார்க்கிறவர். இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். என் சீஸ்களில் பலவற்றுக்குக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைதான் ஊற்றுகிறார்கள். நாம் மோர் ஊற்றித் தயிர் உறைய வைப்பது போல அவர்களுக்கு அது. அந்த வகைகளைத் தனித் தட்டில் வைத்திருக்கிறேன். அதை வெட்டும் கத்திக்குச் சிவப்புப் பிடி, சைவத் தட்டுக் கத்திக்குப் பச்சைப் பிடி. சிவப்புப் பிடி இருக்கும் பக்கம்கூட இவர் திரும்ப மாட்டார். அது போக, பொதுவாகவே சீஸ் என்றால் இவருக்கு ஊசிப்போன பண்டம்.

அப்படிப்பட்டவர் ஜெசிந்தாவோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்து வந்ததும் இருவரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் எதிரே ரொம்ப நெருக்கமாக நின்றார். சட்டைப் பையில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"என்னங்க அது?"

"போல்ட்டு."

நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காலர் மடங்கியிருந்தது, சரி பண்ணிவிட்டேன். சட்டென்று முகம் வாடிப்போய் உள்ளே போய்விட்டார். இவருக்கு என்ன வந்தது?

டிசம்பர் 12, வெள்ளி

பெருங்காயம் போலி. வேறு கடையில் வாங்கினேன், அதுவும் போலி. சிராங்கூன் ரோட்டில் இன்னொரு கடையில் விலையுயர்ந்ததாகக் கேட்டு வாங்கினேன். அதுவும்! இந்த ஊரில் யாரை நம்புவது?

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. வருடா வருடம் இன்று விடியற்காலையில் இவர் குளித்துவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் நின்று தைப்பூச விரதத்தைத் தொடங்குவார். தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்து வெயிலில் நடந்து போவார். காய்ச்சலில் கிடந்த வருடத்தில்கூட விடவில்லை.

இன்று குளித்தார், திருநீறு பூசினார், பேப்பர் படித்தார்.

"விரதம் எடுக்கலையா?"

"இந்த வருஷம் வேண்டாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"வேலை இருக்கு வனா."

மின்தூக்கி வேலைக்காக முருகனை ஒத்திப்போடுகிற ஆளா இவர்? ஒரு மனுஷன் சாமிக்கு முன்னால் நிற்கக் கூச்சப்படுகிறான் என்றால், செய்யக்கூடாத எதையோ செய்துகொண்டிருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

டிசம்பர் 20, சனி

அவமானம்.

மாதம் ஒரு சனிக்கிழமை வாடிக்கையாளர்களுக்குச் சீஸ் ருசி வகுப்பு நடத்துவேன். இன்று கடை நிரம்பியிருந்தது. எப்போதும் சொல்கிறதைத்தான் சொன்னேன். சீஸைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உடனே சாப்பிடாதீர்கள், குளிரில் அது வாய் திறக்காது, கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். மெல்லியதில் தொடங்கிக் காட்டமானதில் முடியுங்கள், முதலிலேயே கொர்கொன்சோலாவைத் தின்றால் அப்புறம் எதுவும் நாக்கில் ஏறாது. பார்மிஜானோவைத் துண்டு போடக்கூடாது, குட்டைக் கத்தியைக் குத்தித் திருகி உடைக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் மணல் போன்ற பருக்கைகள் பல்லில் நறநறக்கும். அதன் தோலைத் தூக்கிப் போடாமல் தக்காளி ரசம் கொதிக்கும்போது ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். ரிக்கொட்டா வெறுமனே சப்பென்று இருக்கும், குலா மலாக்கா வெல்லத்தைச் சீவிப் போட்டால் தட்டை வழித்துவிடுவீர்கள். எல்லாரும் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து புர்ராட்டா. பார்க்க மொசரெல்லா உருண்டை மாதிரி இருக்கும், வெட்டினால் உள்ளிருந்து பாலேடு வழியும். "நல்ல புர்ராட்டா அப்பதான் கறந்த பால் மாதிரி மணக்கும்" என்று சொல்லி ஒரு கரண்டி வாயில் போட்டு விழுங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் சாப்பிடவில்லை. ஒரு அம்மா கைக்குட்டையில் துப்பிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா ஓடி வந்து தட்டுகளை எடுத்தாள்.

"அக்கா, இது வேண்டாம். நான் வேற கொண்டு வரேன்."

"ஏன், இதுக்கு என்ன?"

அவள் தட்டுகளோடு உள்ளே ஓடினாள். கெட்டுப்போனதை வேண்டுமென்றே என் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். இல்லாவிட்டால் வாயில் வைத்துப் பார்க்காமலே அவளுக்கு எப்படித் தெரிந்தது?

டிசம்பர் 22, திங்கள்

ராத்திரியெல்லாம் வயிற்றுப்போக்கு. திங்கட்கிழமை கடை விடுமுறை, அதனால் பிழைத்தேன். இவர் மத்தியானம் "ஒரு வேலையா" வெளியே போய் நாலு மணிக்கு வந்தார்.

டிசம்பர் 23, செவ்வாய்

கடையைத் திறந்ததும் பார்த்தேன். சிவப்புப் பிடிக் கத்தி தொட்டி ஓரத்தில் ஈரத்தோடு கிடக்கிறது. ஞாயிறு மாலை நானே துடைத்து மாட்டியது. கொர்கொன்சோலாவில் ஒரு விரல் பருமன் குறைகிறது, பக்கத்தில் இருந்த தலேஜோ சீஸிலும். கடைச் சாவி என்னிடம் ஒன்று, ஜெசிந்தாவிடம் ஒன்று.

ஜனவரி 1, வியாழன்

எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னேன். ஒருவரையும் நம்பவில்லை.

ஜனவரி 5, திங்கள்

இன்று பின்தொடர்ந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போனேன். இவர் பஸ் ஏறினார், நான் டாக்சி பிடித்தேன். நினைத்தபடியே ஜூ சியாட்டில் இறங்கினார். கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. நான் குனிந்து பார்த்தேன்.

மேசைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் ஜெசிந்தா. இவர் கண்ணை இறுக மூடியிருந்தார். அவள் சிவப்புப் பிடிக் கத்தியால் ஒரு துண்டு கொர்கொன்சோலாவை வெட்டி இவர் கையில் வைத்தாள். முகர்ந்தார். வாயில் போட்டார். குமட்டிக்கொண்டு வந்தது போல, வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் குடித்தார். கண்ணில் நீர் தளும்பியது. மறுபடி ஒரு துண்டு கேட்டார்.

"மொதல்ல காரல். பழைய தேங்காண்ணெ மாதிரி. அப்புறம்... மழ பேஞ்ச மறுநாள் லிஃப்ட் குழிக்குள்ள எறங்குனா ஒரு வாடை வருமே, அது. கடசியா லேசா இனிப்பு."

"சரியாச் சொன்னீங்க சார். போன வாரம் டுரியான் பழ நாத்தம்னு மட்டும்தான் சொன்னீங்க."

நான் உள்ளே போகவில்லை. நடந்தே கடற்கரைப் பூங்கா வரைக்கும் போய்விட்டேன்.

சைவத்தை விட்டுவிட்டார். சாமியை விட்டுவிட்டார். எனக்குத் தெரியாமல் என் தொழிலைக் கற்றுக்கொள்கிறார், அதுவும் என் கடையில், என் கத்தியில், என் ஆளிடம். எதற்கு? என்னை ஓரங்கட்டிவிட்டு இரண்டு பேருமாகக் கடையை நடத்தத்தான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஜனவரி 6, செவ்வாய்

வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரி 10, சனி

சும்மா ஒரு சோதனைக்காகத் தலைவலித் தைலத்தைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. ஆக, மூக்குக்கு ஒன்றுமில்லை. இதை எழுதிவைத்தது நல்லது.

அப்புறம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சோப்பு, ஷாம்பு, இவருடைய அழுக்குச் சட்டை எல்லாவற்றையும் முகர்ந்தேன். என்ன கிடைத்தது என்று எழுதப்போவதில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பானை பொங்கியது, பொங்கலோ பொங்கல் என்று இரண்டே பேர் கூவினோம். இவருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு நானும் உட்கார்ந்தேன். இவர் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். அதற்குள் எதிர்வீட்டு மிஸஸ் டான் கதவைத் தட்டி, தீப்பிடித்துவிட்டதா என்று விசாரித்தார்.

பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பாதி கரி. வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம் இருந்திருக்க வேண்டும். மிஸஸ் டானுக்கு எட்டியிருக்கிறது. பக்கத்தில் நின்று கிண்டிய எனக்கு எட்டவில்லை.

இவர் அந்தத் தீய்ந்த பொங்கலைத்தான் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

ஜனவரி 17, சனி

நேராகக் கேட்டுவிட்டேன். தைரியமாகக் கேட்டேன் என்று சொல்ல முடியாது, பயந்துபோய்த்தான் கேட்டேன்.

"என்னங்க, கடைய நீங்களும் ஜெசிந்தாவும் எடுத்துக்கப் போறீங்களா?"

"யாரு சொன்னா?"

"போன வாரம் திங்கக்கிழமை கடையில நான் பாத்தேன்."

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வனா, உனக்கு வாசன தெரியல."

"அப்படின்னு யாரு சொன்னது?"

"தலேஜோ சொல்லுச்சு."

தலேஜோ இருப்பதிலேயே வாடை கூடிய சீஸ். உப்புத் தண்ணீரால் துடைத்துத் துடைத்து வளர்ப்பார்கள், தோல் அழுக்குக் காலுறை போல நாறும், வாயில் போட்டால் மட்டும் வெண்ணெயாகக் கரையும். அன்று இவர் சட்டைப் பையில் இருந்தது போல்ட் இல்லை, அதுதான்.

"உன் சீஸு, காப்பி, பூவுன்னு ஒவ்வொண்ணாப் பாத்தேன். எனக்கு டவுட்டு வந்துருச்சு. ஜெசிந்தாகிட்ட இருக்குறதுலயே மோசமானதா ஒண்ணு குடும்மான்னு வாங்கிப் பையில போட்டுக்கிட்டேன். எம்ஆர்டி ரயில்ல பக்கத்துல இருந்த பையன் எந்திரிச்சுப் போயிட்டான். வீட்டுக்கு வந்து உன் முன்னாடி நின்னா, நீ என்னடான்னா காலரச் சரி பண்ணி விடுற."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா? கெல்வின், பூக்காரி, ஜெசிந்தா, நான்னு எல்லார் மேலயும் சந்தேகம் உனக்கு. உன் மூக்கு மேல மட்டும் வரவே இல்ல."

ஜனவரிக்குள் என் மூக்கு திரும்பாவிட்டால் லூக்கா முன்னால் உட்கார ஒரு மூக்கு வேண்டுமே என்று யோசித்தாராம். ஜெசிந்தாவையே உட்கார வைக்கலாம்தான். ஆனால் அன்றைக்கு அவள் கடையைப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, என்னால் இன்னொருத்தியிடம் கேட்டுச் சொல்ல முடியாது என்று இவருக்குத் தெரியும். என் மனம் எவ்வளவு குறுகலானது என்று சரியாக அளந்து வைத்திருக்கிறார்.

"அதுக்காக விரதத்தையா விடுறது?"

"கன்னுக்குட்டி வயித்துல எடுத்தத வாயில வச்சுக்கிட்டு, பால்குடத்தத் தலையில வைக்க முடியுமா? மருந்தாத்தான் திங்கிறேன், என் பொண்டாட்டிக்கு வேணும்னு முருகன்கிட்டச் சொல்லிட்டேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நான் அழுதேன். வாசனை போனதற்காக அழுதேனா, இவருக்காக அழுதேனா என்று பிரிக்கத் தெரியவில்லை. என் மூக்கு செத்துவிட்டது என்று முதல் தடவையாக இங்கே எழுதுகிறேன். பூக்காரியின் கையைத் தட்டிவிட்ட அன்றே எனக்குத் தெரியும்.

ஜனவரி 20, செவ்வாய்

காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். சளிக்காய்ச்சல் சில பேருக்கு இப்படிச் செய்துவிடுமாம். தைலம் எரிந்தது வேறு நரம்பாம், வாசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ரோஜா, கிராம்பு, எலுமிச்சை என்று தினமும் முகர்ந்து பழகச் சொன்னார். ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "புர்ராட்டாவ நீங்க முழுங்குனப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா" என்றாள்.

ஜனவரி 26, திங்கள்

மூன்று பேருமாகக் கடையில் உட்கார்ந்தோம். இவர் சொல்லச் சொல்ல நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். எனக்குப் பார்மாவில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் இவர் வாயில் நுழையாது. செம்மறியாட்டுப் பால் சீஸான பெக்கொரீனோவைக் கேட்டால் "ஆட்டுக் கம்பளிய உப்புல ஊற வச்சாப்பல" என்கிறார். தலேஜோ "புழுங்குன தெம்பே சோயாக்கட்டி". காரல், சிக்கு, நெடி, வீச்சம், பூசண வாடை என்று இவரிடம் ஒவ்வொரு நாற்றத்துக்கும் ஒரு சொல் இருக்கிறது. காரல் முதலில் வந்தால் சரக்கு பழையது, பின்னால் வந்தால் பதம் என்று நான் பிடித்துக்கொண்டேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. லூக்கா கண்டுபிடித்துவிட்டால் மூக்கில்லாத சீஸ்காரி என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும்.

ஜனவரி 29, வியாழன்

லூக்கா வந்தார். பார்மிஜானோவில் மூன்று, கொர்கொன்சோலாவில் மூன்று, எதிலும் பெயர் இல்லை. இவரை என் உதவியாளர் என்று அறிமுகம் செய்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் இவர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல விறைத்து உட்கார்ந்திருந்தார்.

பார்மிஜானோவில் சிக்கல் இல்லை. நான் உடைத்துப் பார்த்தேன், பருக்கைகளைப் பல்லில் எண்ணாத குறையாகக் கடித்தேன். உப்பும் நறநறப்பும் எனக்கு இன்னும் தெரிகிறது. இவர் "ரெண்டாவதுல வறுத்த கடல வாசம், மத்ததுல வெறும் பால் பவுடரு" என்று முணுமுணுத்தார். இரண்டாவது என்றேன். லூக்கா ஏதோ குறித்துக்கொண்டார். என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றேன்.

கொர்கொன்சோலா. முதல் துண்டு: "காரல் முன்னாடியே வருது." தள்ளினேன். இரண்டாவது: "வாடையே இல்ல, சும்மா உப்பு." அதையும் தள்ளினேன். மூன்றாவதை வாயில் போட்டார். நான் காத்திருந்தேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னங்க?"

மெதுவாக மென்றார். கண் தானாக மூடியது. தண்ணீர்க் கிளாஸைத் தேடவில்லை. அப்புறம், யாரும் நீட்டாமலே, கையை நீட்டி இன்னொரு துண்டு எடுத்தார். பக்கத்தில் இருந்த தேனில் தொட்டுக்கொண்டார்.

"சொல்லுங்களேன், காரலா, பூசணமா?"

"இரு வனா, தின்னு முடிச்சுக்கிறேன்."

இந்த மனிதரோடு எத்தனை வருடம் குடித்தனம் செய்திருக்கிறேன்! முதல் மாங்காய் சீசனில் இவர் முகம் எப்படி இருக்கும், வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இதற்கு மூக்கு எதற்கு? "மூன்றாவதுதான்" என்று லூக்காவிடம் சொன்னேன். சொன்ன கையோடு, திட்டம் எதுவும் இல்லாமல், எனக்கு வாசனை போய்விட்டது என்பதையும், இவர் யார் என்பதையும், முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன் என்பதையும் சொல்லிவிட்டேன். மறைத்து மறைத்து எனக்குச் சலித்துவிட்டது.

லூக்கா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டாவது பார்மிஜானோ, மூன்றாவது கொர்கொன்சோலா. மாதா மாதம் ருசி பார்க்க யார் வருவீர்கள் என்று கேட்டார். இரண்டு பேரும் என்றேன். சிரித்துவிட்டு, அப்படியென்றால் சரி என்று கை கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இவர் மட்டும் குற்றவாளி போலத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"எல்லாந்தான் நல்லபடியா முடிஞ்சுதே, அப்புறம் என்ன?"

"மருந்துன்னு சொல்லித்தான் முருகன்கிட்ட உத்தரவு வாங்குனேன்."

"ஆமா."

"இன்னிக்கு அந்த மூணாவது..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "புடிச்சுப்போச்சு வனா. மருந்து மாதிரியே இல்ல. அடுத்த வருஷமும் பால்குடம் எடுக்க முடியாது போலிருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு துண்டாவது ருசித்துப் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். இவருக்குப் பிடித்துப்போன நாளில் எனக்கு அது வெறும் உப்பு. சிரிப்பு வந்தது. இவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எப்படி இருந்துச்சு? மொதல்லேருந்து சொல்லுங்க."

நாங்கள் இறங்கும் பெடோக் நிறுத்தம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.